வட்டம் விழுந்தது, கொன்றது யார்?

முதல் வட்டம் விழுந்த அன்று தட்டைப் படம் எடுத்து இரவே அம்மாவுக்கு அனுப்பினேன். பெட்ரி தட்டு முழுக்க வெளிர்மஞ்சளாக ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா படர்ந்திருந்தது. அது வளர்கிற அகர் என்ற கெட்டிக்கூழில் 6 மில்லிமீட்டர் அகலத்துக்கு நான் போட்ட குழியைச் சுற்றி மட்டும் ஒன்றுமே முளைக்கவில்லை. கண்ணாடி போலத் தெளிவு. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், 13 மில்லிமீட்டர். குழியில் இருந்தது ஒரு செடியின் விதையிலிருந்து நான் எடுத்த சாறு. தட்டில் இருந்தது எம்ஆர்எஸ்ஏ, அதாவது மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கும் அதன் உறவுக்கார மருந்துகளுக்கும் அடங்காத ரகம். மருந்து தோற்ற இடத்தில் விதை ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் என் ஆய்வை வழிநடத்திய மேடம் தட்டை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. "சாறு இல்லாம வெறும் டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட குழி எங்கம்மா?" என்று கேட்டார்.

வைத்திருக்கவில்லை. விதைச்சாற்றைக் கரைக்கத்தான் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானைப் பயன்படுத்தியிருந்தேன். அது தண்ணீர் மாதிரி சாதுவானது என்று எனக்கு நினைப்பு. அன்று மதியமே இன்னொரு தட்டு போட்டேன். ஒரு குழியில் சாறு, பக்கத்துக் குழியில் வெறும் டிஎம்எஸ்ஓ. விடிந்து பார்த்தால் சாற்றுக்கு 13, கரைப்பானுக்கு 12. என் விதை அந்த ஒரு மில்லிமீட்டர்தான் செய்திருந்தது. ஸ்கேலின் தடுமாற்றத்துக்கே அது சரியாகிவிடும்.

இதை நடந்து பல வருடங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். அந்தக் கேள்வியிலிருந்துதான் நான் இந்த வேலையைக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். விதைச்சாறு கிருமியைக் கொல்கிறதா என்று கேட்டால் பெரும்பாலான விதைகளுக்கு ஏதாவது ஒரு அளவில் "ஆம்" என்றே பதில் வரும். எது கொன்றது, எவ்வளவு போட்டால் கொன்றது, அதோடு சேர்த்து வேறு எதைக் கொன்றது என்று கேட்கும்போதுதான் ஆய்வு ஆரம்பிக்கிறது.

*

விதையை ஏன் தேடிப்போகிறோம் என்பதற்கு நல்ல காரணம் உண்டு. விதைக்குள் தாய்ச்செடி சேர்த்துவைத்த மாவும் எண்ணெயும் புரதமும் இருக்கின்றன. அது போய் விழுகிற ஈரமண்ணிலோ ஒரு கிராமுக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கும். ஓடவும் முடியாமல் ஒளியவும் முடியாமல், முளைவிடும் நாள்வரை அந்தக் கூட்டத்துக்கு நடுவே அது அப்படியே கிடக்க வேண்டும். காவல் இல்லாமல் எந்த விதையும் பிழைக்காது. முள்ளங்கி விதையில் டிஃபென்சின் என்ற சின்னஞ்சிறு புரதங்கள் இருக்கின்றன. முளைக்கும்போது விதையுறை கிழியும் அந்தத் தருணத்தில் அவை வெளியே கசிந்து, முளையைச் சுற்றிப் பூஞ்சை நெருங்காதபடி வேலி போடுகின்றன. கருஞ்சீரகத்தின் ஆவியாகும் எண்ணெயில் கிருமியை எதிர்க்கும் தைமோகுயினோன் இருக்கிறது. முருங்கை விதையில் கடுகின் காரத்துக்கு உறவான ஐசோதயோசயனேட் ரகப் பொருள்களோடு, நேர்மின்னேற்றம் கொண்ட ஒரு சிறு புரதமும் உண்டு. கலங்கிய தண்ணீரைத் தெளிய வைப்பது அந்தப் புரதம்தான்.

இதில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்த ஆயுதங்கள் மண்ணில் இருக்கிற எதிரிகளுக்காக, அதிலும் பூஞ்சைகளுக்காகத்தான் அதிகம் உருவானவை. மருத்துவமனைப் படுக்கையில் வளர்ந்த பாக்டீரியாவை ஒரு செடி ஒருநாளும் சந்தித்ததில்லை. நம் ரத்தத்துக்குள் வேலை செய்ய வேண்டும் என்று எந்தச் செடியும் எதையும் தயாரிக்கவில்லை. இன்று வரை நாம் உள்ளுக்கு எடுத்துக்கொள்ளும் ஆன்டிபயாடிக்குகள் பெரும்பாலும் பூஞ்சைகளிடமிருந்தும், ஸ்ட்ரெப்டோமைசஸ் போன்ற மண் பாக்டீரியாக்களிடமிருந்தும் வந்தவை, அல்லது ஆய்வகத்தில் கட்டியவை. செடிகள் இந்தப் பட்டியலில் ஏன் இல்லை என்ற கேள்வி என்னை வெகுநாள் தூங்கவிடவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

*

விதையிலிருந்து சாறு எடுப்பதை ஆய்வுக்கட்டுரைகளில் இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள். என் அனுபவத்தில் பாதித் தவறு அந்த இரண்டு வரிக்குள்தான் நடக்கிறது.

விதையில் எண்ணெய்ப்பசை அதிகம். அரைத்த பொடியை முதலில் ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து எண்ணெயை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு எதைச் செய்தாலும் பிசுபிசுப்பு கூடவே வரும், அகரில் ஊடுருவாமல் குழிக்குள்ளேயே தேங்கி நிற்கும். அப்போது வட்டம் சின்னதாக விழும். பொருள் பலவீனமானதால்தான் வட்டம் சிறுத்தது என்று அர்த்தம் இல்லை, அது நகரவில்லை, அவ்வளவுதான். வட்டத்தின் அகலத்தை வைத்து இரண்டு விதைச்சாறுகளை ஒப்பிட்டு, எது பலசாலி என்று எழுதும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும். வேகமாக ஊடுருவுகிற சின்ன மூலக்கூறு அங்கே எப்போதும் ஜெயிக்கும்.

எண்ணெய் போனபிறகு மெத்தனாலோ எத்தனாலோ தண்ணீரோ ஊற்றி மிச்சத்தை எடுக்கிறோம். இங்கே சூடு பெரிய விஷயம். சாக்ஸ்லெட் கருவியில் மணிக்கணக்கில் கொதிக்கும் கரைப்பான் மேலே போய்க் குளிர்ந்து, பொடிமேல் சொட்டி, மறுபடி கீழே இறங்கும். பார்க்க அழகான ஏற்பாடு. ஆனால் இறங்கிய பொருள்களெல்லாம் கீழே கொதிக்கும் குடுவையிலேயே கிடந்து வேகின்றன. மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். சீன விஞ்ஞானி தூ யூயூவின் குழு அது இருக்கும் செடியைச் சூடுபடுத்தி எடுத்த சாறு ஒரு தடவை வேலை செய்தது, மறுதடவை செய்யவில்லை. சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதருக்கு மாறிய பிறகு, 1971-ல், 191 என்று எண்ணிட்ட மாதிரி எலிகளின் மலேரியாவை முழுமையாக அடக்கியது. அவர் தேடியது மலேரியா மருந்து, எடுத்தது இலையிலிருந்து. ஆனாலும் எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் கதை இதுதான்.

கடுகு இதைவிடத் திருகலானது. முழுக்கடுகில் காரமான அந்தப் பொருளே கிடையாது. அதற்கு மூலமான சினிக்ரின் ஒரு செல்லில் இருக்கிறது, அதை உடைக்கும் மைரோசினேஸ் நொதி வேறொரு செல்லில் இருக்கிறது. நசுங்கி, ஈரமும் பட்ட பிறகுதான் இரண்டும் சேர்ந்து அல்லைல் ஐசோதயோசயனேட் உண்டாகிறது. நொதியைக் கொதிநீரில் கொன்றுவிட்டால் எவ்வளவு கடுகு எடுத்தாலும் பயனில்லை. ஒரே விதையை இரண்டு பேர் எடுத்து ஒருவர் "கொல்கிறது" என்றும் மற்றவர் "ஒன்றும் இல்லை" என்றும் எழுதினால் இருவரையும் பொய்யர் என்று சொல்ல முடியாது. யார் எப்போது தண்ணீர் ஊற்றினார் என்று கேட்க வேண்டும்.

கடுகோடு எனக்கு நேர்ந்தது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 96 சின்னக் குழிகள் கொண்ட தட்டில், கிருமி வளர்வதற்கான சத்துநீரை (அதைத்தான் குழம்பு என்போம்) ஊற்றியிருந்தேன். முதல் மூன்று நெடுவரிசையில் கடுகுச் சாறு. நான்காவதிலிருந்து எதுவும் கலக்காத, கிருமி தாராளமாக வளர வேண்டிய குழிகள். காலையில் பார்த்தால் நான்காவது வரிசை வெறும் குழம்பாகத் தெளிந்து கிடக்கிறது. ஐந்தாவதில் லேசான கலங்கல். ஆறாவதில்தான் வழக்கமான வளர்ச்சி. கிருமி விட மறந்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி செய்தேன். அதே கதை. மூடியைத் திறக்கும்போது கண்ணில் சுரீர் என்று ஒரு எரிச்சல் வந்த பிறகுதான் புரிந்தது. அந்தப் பொருள் ஆவியாகி, மூடிக்கு அடியில் இருக்கிற காற்று வழியாகவே அடுத்த குழிகளுக்குப் போயிருந்தது. தொடாமலே கொன்றிருந்தது. அன்றிலிருந்து ஆவியாகும் சரக்கு என்றால் அதற்குத் தனித் தட்டு, மேலே ஒட்டும் படலம்.

*

மருந்துக்கு அடங்காத கிருமி என்பதை அசுரன் போலச் சித்தரிக்கிறோம். நெருங்கிப் பார்த்தால் அது செய்வது சின்னச் சின்ன மாற்றங்கள்தான். பெனிசிலின் குடும்பம் பாக்டீரியாவின் சுவரைக் கட்டும் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்தும். எம்ஆர்எஸ்ஏ-விடம் மெக்-ஏ என்ற மரபணு வழியாக பிபிபி-2ஏ என்ற மாற்றுப் புரதம் இருக்கிறது. மருந்து அதில் சரியாக ஒட்டாது. பழைய கொத்தனார் கை கட்டப்பட்டுக் கிடக்க, புதுக் கொத்தனார் சுவரை எழுப்பிக்கொண்டே போவார்.

மெத்திசிலின் புழக்கத்துக்கு வந்தது 1959-ல். அதற்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் பற்றிய அறிக்கை 1961-லேயே வந்துவிட்டது. அதைவிட என்னை உலுக்கியது 2022-ல் வெளியான முள்ளெலி ஆய்வு. முள்ளெலியின் தோலில் வாழும் ஒரு பூஞ்சை பெனிசிலின் போன்ற பொருளைச் சுரக்கிறது. அதே தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ், மெக்-சி என்ற மரபணுவோடு 1800-களின் தொடக்கத்திலேயே தற்காப்புத் தேடிக்கொண்டுவிட்டது. பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1928-ல் பூஞ்சை விழுந்த தட்டைப் பார்ப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பு. இயற்கைப் பொருள் என்பதாலேயே கிருமி அதற்குப் பழகாது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த முள்ளெலிதான் நினைவுக்கு வரும்.

2019-ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக 12.7 லட்சம் பேர் இறந்ததாக உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது. அதனால்தான் விதையையும் விடாமல் தேடுகிறோம்.

*

குழித் தட்டில் எம்ஐசி பார்ப்பதுதான் எங்கள் அன்றாடம். எவ்வளவு குறைந்த அளவில் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது என்பதே எம்ஐசி. சாற்றை ஒவ்வொரு குழிக்கும் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போகிறோம். கிருமியை மில்லிலிட்டருக்கு 5 லட்சம் என்ற கணக்கில் விடுகிறோம். மறுநாள் கலங்கலைக் கண்ணால் பார்த்து எண்ணை எடுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தால் கொண்டாட்டமாக இருந்திருக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருதரம் இரட்டிப்பாகக் கூடிய கிருமியைக் கொஞ்சம் கூடுதலாக விட்டாலும் எண் எகிறிவிடும்.

அந்த எண்ணில்தான் நேர்மை சோதிக்கப்படுகிறது. நல்ல ஆன்டிபயாடிக் மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராமிலேயே வேலை செய்யும். சுத்தப்படுத்தாத விதைச்சாறு 100 மைக்ரோகிராமுக்குள் அடக்கினால் அதை மேற்கொண்டு பிரித்துப் பார்க்கலாம். மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம், 50 மில்லிகிராம் என்று கொட்டி "அபார ஆற்றல்" என்று எழுதுவதை நான் ஏற்கவே மாட்டேன். அந்த அளவில் கொட்டினால் பல சாதாரணப் பொருள்கள்கூட ஏதாவது செய்யத் தொடங்கிவிடும்.

சாறே கருப்பாக, பழுப்பாக இருந்தால் கலங்கல் தெரியாது. அதற்கு ரெசசூரின் என்ற நீலச்சாயம் விடுவோம். உயிருள்ள கிருமி அதை இளஞ்சிவப்பாக்கும், செத்திருந்தால் நீலமாகவே நிற்கும். ஒருநாள் என் தட்டு முழுக்க இளஞ்சிவப்பு. கிருமியே விடாத குழிகளும் இளஞ்சிவப்பு. விதைச்சாற்றில் இருந்த பொருள்களே சாயத்தை மாற்றியிருந்தன. கிருமி இல்லாத சாற்றுக்கும் ஒரு வரிசை ஒதுக்கியிருந்ததால் தப்பித்தேன். இல்லாவிட்டால் வேலை செய்த ஒரு சாற்றை "வேலைக்கு ஆகாது" என்று குப்பையில் போட்டிருப்பேன். இப்படி ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் குழிகளைக் கன்ட்ரோல் என்போம். கன்ட்ரோல் என்றால் நம் சந்தோஷத்தைக் கெடுக்க வருவது என்று நினைப்பார்கள். அன்று அது ஒரு நல்ல சாற்றைக் காப்பாற்றியது.

இன்னொரு பக்கம் டானின்கள். துவர்ப்பான விதையுறைகளில் நிறைய இருக்கும். எந்தப் புரதம் கிடைத்தாலும் ஒட்டிக்கொண்டு படியவைத்துவிடும். கிருமியின் புரதம், குழம்பின் புரதம், நம்முடைய புரதம் என்று அதற்குப் பேதம் இல்லை. சோதித்த எல்லாவற்றிலும் "வேலை செய்கிற" சாறு கிடைத்தால் முதலில் டானினை எடுத்துவிட்டு மறுபடி பார்ப்பது எங்கள் வழக்கம். என் அனுபவத்தில் பாதிச் சாறுகள் அங்கேயே படுத்துவிட்டன.

ஈ-கோலை என்ற குடல் பாக்டீரியா பக்கம் போனால் இன்னும் மோசம். ஸ்டஃபைலோகாக்கஸை அசைத்த சாறுகள் அதன்முன் வாயடைத்து நின்றன. அதற்குச் சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது. அதையும் தாண்டி உள்ளே நுழைந்ததைத் திருப்பி வெளியே தள்ளும் பம்புகளும் இருக்கின்றன. பாலிமிக்சின் என்ற ஆன்டிபயாடிக்கிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டு உண்டு. தானாகக் கொல்லாது, வெளிச்சவ்வை மட்டும் தளர்த்தும். அதைச் சேர்த்தபோது முன்பு ஒன்றும் செய்யாத ஒரு சாறு ஈ-கோலையையும் நிறுத்தியது. ஆயுதம் இருந்திருக்கிறது, கதவுதான் திறக்கவில்லை. அன்று ராத்திரி வீட்டுக்குப் போகவே மனமில்லை.

*

ஆன்டிபயாடிக் பட்டியலில் செடிகள் ஏன் இல்லை என்று முன்பு கேட்ட கேள்விக்கு வருகிறேன். 2000-ல் ஃபிராங்க் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் குழுவினர் வெளியிட்ட ஒரு ஆய்வு என் பார்வையையே மாற்றியது. பெர்பெரின் என்ற பொருளைத் தயாரிக்கும் செடிகள் சில உண்டு. பெர்பெரின் கிருமியைத் தாக்கும், ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸின் நார்-ஏ என்ற பம்பு அதை வெளியே தள்ளிவிடும். அதே செடியில் இன்னொரு பொருளும் இருப்பதை அவர்கள் கண்டார்கள். அது தனியாக ஒரு கிருமியையும் கொல்லாது, அந்தப் பம்பை அடைத்துவிடும், அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்தால் பெர்பெரின் உள்ளே தங்கிவிடும்.

செடி ஒற்றை ஆயுதத்தை நம்பி இருப்பதில்லை. நாமோ சாற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, "இதில் எது கொல்கிறது" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கொல்லாததைக் கொட்டிவிடுகிறோம். அப்படிக் கொட்டியதில் எத்தனை துணைவர்கள் போனார்களோ என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அதனால் என் விதையை மறுபடி எடுத்தேன். முதல் வட்டம் போட்டுக் கரைப்பானிடம் தோற்ற அதே விதைதான். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. போன வருடம் சித்தப்பா போன் செய்து, "காலில் புண்ணுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை வயித்தைப் புரட்டுது. நிறுத்திட்டு நீ ஆராய்ச்சி பண்ற அந்த விதையை அரைச்சுப் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம், மாத்திரையை நிறுத்தாதீர்கள், வயிறு புரட்டுவதை டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து கொடுப்பார் என்று சொல்லிச் சொல்லிப் புரியவைக்க அரைமணி நேரம் ஆனது. பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. பெயரை எழுதினால் என்னிடம் கேட்காமலே செய்துபார்க்கும் சித்தப்பாக்கள் எத்தனை பேரோ.

எண்ணெய் நீக்கி, சூடு காட்டாமல் எடுத்து, பதினொரு பகுதிகளாகப் பிரித்தோம். நான்காவது பகுதி 64 மைக்ரோகிராமில் எம்ஆர்எஸ்ஏ-வை நிறுத்தியது. ஆய்வகமே கூடிநின்று பார்த்தது. அடுத்த வாரம் அதை ரத்தச் சிவப்பணுக்களோடு விட்டோம். அரைமணி நேரத்தில் குழாய் முழுக்கச் செர்ரிச் சிவப்பாகத் தெளிந்துவிட்டது. அணுக்கள் அத்தனையும் உடைந்துவிட்டன என்று அர்த்தம். சபோனின் ரகமாக இருக்க வேண்டும், சவ்வு எதுவானாலும் கிழித்துவிடும். அந்தப் பகுதியின் முடிவையும் நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம். இன்னொருவர் அதே விதையில் அதே இரண்டு வருடத்தைத் தொலைக்கக் கூடாது.

ஏழாவது பகுதியை யாரும் கண்டுகொள்ளவில்லை. தனியாக 512 மைக்ரோகிராம் போட்டால்தான் கிருமி நின்றது, அதாவது ஒன்றுக்கும் உதவாத எண். சிவப்பணுக்களை அது ஒன்றும் செய்யவில்லை. அதை மெத்திசிலினின் உறவுக்கார மருந்தான ஆக்சசிலினோடு சதுரங்கப் பலகை மாதிரி கலந்து பார்த்தேன். தட்டில் ஒரு பக்கம் மருந்து குறைந்துகொண்டே போகும், மறுபக்கம் சாறு குறைந்துகொண்டே போகும். தனியாக 64 மைக்ரோகிராம் தேவைப்பட்ட ஆக்சசிலின் 16-க்கு இறங்கியது. அங்கே சாறு 128. இரண்டும் நான்கில் ஒரு பங்காகியிருந்தன. கால், கால், கூட்டினால் 0.5. கூட்டுப்பலம் என்று சொல்ல 0.5 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். சரியாகக் கோட்டின்மேல் நின்றது.

கோட்டின்மேல் நிற்பதை நான் நம்பமாட்டேன். இந்த முறையில் ஒரு குழி முன்பின் நகர்வது சகஜம், ஒரு குழி நகர்ந்தால் 0.5 என்பது 0.75 ஆகிவிடும். இரண்டாவது தடவையும் 0.5 வந்தது. மேடமிடம் காட்டினேன். முன்புபோலவே தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "வேற பேட்ச் விதையில எடுத்த சாறுல பண்ணியாச்சா?" என்றார். இல்லை. இரண்டும் ஒரே பேட்ச்.

புது விதை வந்து, அரைத்து, எண்ணெய் எடுத்து, பிரித்து ஏழாவது பகுதிக்கு வர ஆறு வாரம் பிடித்தது. இன்று மதியம் மூன்று மணிக்குத் தட்டை வைத்தேன். ஆக்சசிலினுக்குக் குழம்பில் 2 சதவீதம் உப்பு, 35 டிகிரிக்கு மேல் போகாத இன்குபேட்டர், முழுசாக 24 மணி நேரம். டிஎம்எஸ்ஓ வரிசை இருக்கிறது, கிருமி இல்லாத சாறு வரிசை இருக்கிறது, மருந்து மட்டும், சாறு மட்டும், ஒன்றுமே இல்லாதது, எல்லாம் இருக்கிறது. நாளை மூன்று மணிக்குத் திறக்க வேண்டும்.